ஏசி ஃபில்டரில் கிடந்தது

காதுல மாட்டியிருக்கிறத எடுத்துருங்க அம்முணி. நான் ஒண்ணும் சத்தமாப் பேசறவ இல்ல. அதுல வர்ற பாட்டும் நான் பேசறதும் கலந்து கேட்டுதுன்னா, வீட்டுக்குப் போயி, பஸ்ல ஒரு பொம்பள என்னமோ உளறிக்கிட்டு வந்தான்னு சொல்லுவீங்க. அப்படிச் சொல்றதுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்கு.

கரூர்தானே? நானும் கரூர்தான். கொஞ்சம் ஜன்னல் பக்கமா ஒட்டி உக்காருங்க. மடியில டப்பா இருக்கு, நசுங்கக் கூடாது. சாப்பாடு இல்லீங்க. மூக்கைச் சுளிக்க வேண்டாம், வாசம் ஒண்ணும் வராது. மூணு மாசமாச்சு, காஞ்சு போச்சு. என்னன்னு அப்பறம் காட்டறேன்.

என்னைப் பஸ்ல போற ஆளுன்னு நெனச்சுராதீங்க. வீட்ல காரு நிக்குது. வெள்ளைக் காரு. நாந்தான் ஓட்டுவேன். நாப்பத்தஞ்சு வயசுல கத்துக்கிட்டேன். எங்க ஊர்ல கார் ஓட்டின மொத பொம்பள தெய்வானைதான், யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. புதன்சந்தைப் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. முட்டைக் கோழி. என்ற வீட்டுக்காரரும் அவரு தம்பி கார்மேகமும் சேந்து பாத்துக்கறாங்க. ஒரே வாசல், ரெண்டு குடும்பம், ஒரு காரு. வீட்டுக்காரரு காரைத் தொட மாட்டாரு, கொழுந்தனாருக்கு மோட்டார் சைக்கிளே போதும். அப்ப காரு யாருது? சொல்லுங்க. ஓட்டறவளுதுதானே? இதைச் சொன்னா சின்னவளுக்குப் பொறுக்காது.

சின்னவன்னா என்ற ஓரகத்தி. வாசுகி. கார்மேகம் பொண்டாட்டி. இந்தக் கரூர்க்காரிதான். பி.காம் படிச்சிருக்கா. சாம்பார்ல புளி எத்தனை போடணும்னு தெரியாது, ஆனா எல்லாத்துக்கும் ஒரு கருத்து வெச்சிருப்பா. மெதுவாத்தான் பேசுவா. அது ஒரு தந்திரம். மெதுவாப் பேசறவளைப் பாத்து நாம சத்தம் போட்டா, பாக்கறவங்களுக்கு நாமதானே ராட்சசி மாதிரித் தெரிவோம்?

எனக்குப் புள்ளை இல்லீங்க. மொதல்லயே சொல்லிர்றேன், எப்படியும் கேப்பீங்க. நம்ம பக்கம் பஸ்ல உக்காந்தா எந்த ஊருங்கறது மொத கேள்வி, எத்தனை புள்ளைங்கங்கறது ரெண்டாவது. எனக்கு இல்ல. ஆனா சின்னவளுக்கு ஒண்ணு இருக்கு. மிருதுளா. ஏழு வயசு. பொறந்து பதினோராம் நாள்லருந்து எங்கிட்டதான் படுத்துத் தூங்கினா. அவ அம்மாவுக்கு அப்ப உடம்பு முடியல. முடிஞ்சதுக்கு அப்பறமும் எங்கிட்டதான். பெரிம்மான்னுதான் மொத வார்த்தை. அம்மாங்கறதை அதுக்கப்பறம்தான் சொன்னா. நான் வேணும்னு சொல்லிக் குடுக்கல. குழந்தை வாயில எது வருதோ அதுதானே வரும்.

தெனமும் பள்ளிக்கூடத்துக்கு நாந்தான் கூட்டிக்கிட்டுப் போவேன். பதினோரு கிலோமீட்டர். முன் சீட்டுல பக்கத்துல உக்காந்துக்குவா. வாய்ப்பாடு எழுதச் சொல்லுவேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டுல எழுதிக்கிட்டே வருவா. ஏழுக்கு நடுவுல குறுக்கே ஒரு கோடு போட்டு எழுதுவா, ஒண்ணுன்னு நெனச்சுரக் கூடாதுன்னு. நான் சொல்லித்தான். தப்பாச்சுன்னா அந்தத் தாளை டபக்குனு கிழிச்சு எங்கயோ ஒளிச்சுருவா. எங்க ஒளிச்சான்னு நான் கேட்டதில்ல. தப்புக்கு ஒண்ணு வெப்பேன்ல, அந்தப் பயம். கன்னத்துல இல்லீங்க, தொடையில. செல்லமாத்தான்.

காரை நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு கேளுங்க. அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கொல்லிமலைக் கோயில்ல வேண்டிக்கிட்டு, ஒரு பிடி அரிசியை மஞ்சத்துணியில முடிஞ்சு, மேல சிவப்புத்துணி சுத்தி, மஞ்ச நூல்ல கட்டி, சீட்டுக்கு முன்னால இருக்கற டேஷ்போர்டு டப்பாவுக்குள்ள வெச்சிருந்தேன். வண்டிக்குக் காவல். பள்ளிக்கூட வாசல்ல காத்திருக்கறப்ப கண்ணாடியைப் பாத்துத் தலை சீவிக்குவேன். உதுந்த முடியைக்கூட வெளிய போட மாட்டேன். நம்ம முடி நாலு பேர் கையில கெடைச்சா என்னத்தை வேணாலும் செஞ்சுருவாங்க. அதனால சுருட்டி அதே டப்பாவுக்குள்ள போட்டு வெச்சுருவேன். அத்தனை சாக்கிரதை நானு.

அப்படி இருந்தும் நடந்துச்சு பாருங்க.

போன ஆடி மாசம் ஏசி போட்டா ஒரு நாத்தம். கோழிப்பண்ணைக்காரிக்கு நாத்தம் பழக்கம்தான், தீவன மூட்டை வேற எப்பவும் டிக்கியில கெடக்கும். ஆனா இது வேற. ஈரத்துணியை மூட்டை கட்டி வெச்ச மாதிரி. மிருதுவுக்குத் தும்மல். பத்துத் தும்மல், இருவது தும்மல். அன்னிக்குச் சாயங்காலம் சின்னவ வாசல்ல நின்னு சொல்றா:

"அக்கா, ஏசி ஃபில்டர் அடைச்சிருக்கும். வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். சர்வீஸ்ல விடலாங்களா?"

எப்படி இருக்கும் எனக்கு? நாலு வருசமா ஓட்டறவ நானு. ஸ்டீரிங்கைக் கூடத் தொடாதவ எனக்கு ஃபில்டர் சொல்லித் தர்றா. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "ஏன் வாசுகி, உன் மூக்கை வேணா சர்வீஸ்ல விடலாம். எனக்கு ஒரு நாத்தமும் தெரியல." அவ உள்ள போயிட்டா. இதான். சண்டைக்குக் கூப்புட்டா வர மாட்டா. உள்ள போயி எதை மனசுல வெச்சுக்கறாளோ.

அதுக்கு நாலு நாள் முன்னாடி இன்னொண்ணு நடந்திருக்கு. "அக்கா, மிருது பெரிய புள்ளையாயிட்டா, இனி எங்க ரூம்லயே படுக்கட்டும்"னு சொல்லியிருந்தா. தும்மலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறீங்களா? இருக்குது. கேளுங்க.

அவ சொன்னதுக்காக இல்ல, நானாத்தான் பாக்கலாம்னு ஞாயித்துக்கிழமை போன்ல வீடியோ போட்டேன். ஒரு தம்பி, மீசை கூட சரியா மொளைக்கல, அழகாச் சொல்லித் தர்றான். பத்து நிமிசத்து வேலைங்க இது. இதுக்குப் போயி சர்வீஸாம். டேஷ்போர்டு டப்பாவைத் தொறந்து, உள்ள இருக்கிறதை எல்லாம் வழிச்சு எடுத்துறணும். டப்பாவோட ரெண்டு பக்கத்தையும் உள்ளாக்க அமுக்கினா அது கழண்டு தொங்கும். பின்னாடி நீட்டமா ஒரு மூடி, ரெண்டு கொக்கி. கொக்கியை அமுக்கி மூடியை எடுத்தா, ஃபில்டர் குறுக்கே படுத்திருக்கும். விசிறி மடிப்பா மடிச்ச அட்டை மாதிரி. புடிச்சு இழுத்தா வந்துரும்.

டப்பாவை வழிச்சுப் பாக்கறேன். என்ற முடிச்சைக் காணோம். கொல்லிமலை முடிச்சு. டப்பாவோட மூலையில ஒரு ஓட்டை மட்டும் இருக்கு. உதுந்த முடி சுருட்டி வெச்சிருந்தேனே, அதுவும் இல்ல. சரின்னு மூடியைக் கழட்டி ஃபில்டரை இழுக்கறேன், வர மாட்டேங்குது. ஓங்கி இழுத்தேன். மடியில வந்து விழுந்துச்சு பாருங்க.

சிவப்புத்துணி. பொடிப் பொடியாக் கிழிச்சது. மஞ்ச நூலு. தலைமுடி, வட்டமாச் சுத்தி. அரிசி. காஞ்ச எலுமிச்சந்தோலு. கோழி றெக்கை. சின்னதா ஒரு எலும்பு. காயிதத் துண்டு, அதுல கட்டம் கட்டி எண்ணு. ஃபில்டர் அட்டையை நடுவுல குடைஞ்சு, அந்தக் குழிக்குள்ள பதமா வெச்சிருக்கு.

நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன், எங்க சித்தப்பன் வீட்டு வாசப்படிக்குக் கீழ இதே மாதிரி எடுத்தாங்க. செய்வினை. காருக்கு வெக்கல அம்முணி, காத்துக்கு வெச்சிருக்கா. ஏசி போட்டா அது வழியாத்தான் காத்து வரும், அந்தக் காத்தைத்தான் நானும் புள்ளையும் மூச்சு இழுக்கணும். யாருக்கு வரும் இப்படி ஒரு ரோசனை? ஃபில்டர் எங்க இருக்குன்னு தெரிஞ்சவளுக்குத்தானே வரும்? எங்க வீட்ல ஃபில்டர்ங்கற வார்த்தையை மொதல்ல சொன்னது யாரு?

சொல்லுங்க. யாரு?

பேச மாட்டேங்கறீங்க. நீங்களும் மெதுவாப் பேசற ரகம் போல.

சந்தைக்கிட்ட ஒரு மெக்கானிக் இருக்கான், தொரைன்னு பேரு. அவங்கிட்டக் கொண்டு போயிக் காட்டினேன். சிரிக்கறான். "யக்கா, எலிக்கூடு. தீவன மூட்டை ஏத்தற வண்டி எல்லாத்துலயும் வரும். கண்ணாடிக்கு அடியில காத்து போற வழியில ஒரு கம்பி வலை வெச்சு விட்டா அப்பறம் வராது"ங்கறான். நான் கேட்டேன், "ஏப்பா, எலிக்கு என்ன தெரியும்? சிவப்புத்துணி வெக்கணும், மஞ்ச நூலு வெக்கணும், அரிசி வெக்கணும், பொம்பள முடி வெக்கணும்னு எலிக்கு எந்தப் பூசாரி சொல்லிக் குடுத்தான்?" செய்வினைக்குக் கம்பி வலை வெக்கச் சொல்றான், மடப்பய.

வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். முட்டை அட்டை அடுக்கிக்கிட்டே, "எலின்னு சொன்னான்ல, விடு"ன்னாரு. அந்த மனுசன் முப்பது வருசமா எல்லாத்துக்கும் விடுதான். புள்ளை இல்லங்கறப்பவும் விடுன்னாரு.

சரி, யாரும் நம்ப வேண்டாம், எம் புள்ளையை நான் பாத்துக்கறேன்னு கெளம்புனேன். அண்ணன் தம்பி புள்ளைன்னா எம் புள்ளைதானே, என்னத்தை முழிக்கறீங்க? நாமக்கல் போயி ஒஸ்தி ஃபில்டரா வாங்குனேன். சாதாரணது வெள்ளையா இருக்கும். இது கரி போட்டது, சாம்பக் கலருல இருக்கும். நாத்தத்தையும் புடிச்சுக்கும். ஓரத்துல அம்புக்குறி போட்டிருக்கும், காத்துப் போற பக்கமாப் பாத்து வெக்கணும். எல்லாம் சரியாத்தான் வெச்சேன். வீடியோத் தம்பி என்ன சொல்றான்னா, ஃபில்டரை மாத்தினாப் போதும், மேல எதையும் வெக்காதீங்க, செண்டுகூட அடிக்காதீங்கங்கறான். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். தூசிக்குச் சொல்றான் அவன். எனக்குத் தூசியா பிரச்சினை?

நான் அதை இன்னும் பலமாக்குனேன். ஒரு சிவப்புத்துணியைக் கொல்லிமலைப் பூசாரி மந்திரிச்சுக் குடுத்த தண்ணியில நனைச்சுக் காய வெச்சு, ஃபில்டர் மேல விரிச்சேன். மடிப்புக்கு மடிப்பு விபூதி. அதுக்கு மேல மஞ்சப்பொடி. வேப்பெலையைக் கசக்கித் தூவினேன். கற்பூரத்தை இடிச்சு, ஒரு டப்பா முழுக்க, ஓரமெல்லாம் அடைச்சேன். எந்தக் கம்பெனிக்காரனாவது இப்படி ஒரு ஃபில்டர் செஞ்சிருப்பானா? உள்ள தள்ளி மூடி, ஏசியை நாலுல வெச்சேன். அம்மன் கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி மணக்குது. கண்ணுல தண்ணியே வந்துருச்சு எனக்கு. பக்தியில வந்த தண்ணி.

மொத நாளு மிருது சொன்னா, "பெரிம்மா, என்ற மூக்குக்குள்ள கோயில் வந்துருச்சு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ரெண்டாவது நாளு சிரிக்கல. இருமல். மூணாவது நாளு பள்ளிக்கூடத்துக்கிட்ட எறங்கி வாந்தி. எனக்குச் சந்தோசம். ஏன்னா, உள்ள போனது வெளிய வருதுன்னு அர்த்தம். பூசாரியும் அதையேதான் சொன்னாரு, வெளியேறுறப்ப கொஞ்சம் படுத்தும்னு. அந்த நேரத்துல விட்டா அது திரும்பி உள்ள போயிரும். அதனால ஏசியைக் கொறைக்கவே இல்ல.

அஞ்சாவது நாளு, வெள்ளிக்கிழமை. வழியிலயே மூச்சு வாங்குது அவளுக்கு. "பெரிம்மா, ஜன்னல் தொறக்கட்டுமா?"ங்கறா. வேண்டாங் கண்ணு, கொஞ்ச நேரம்னேன். மறுக்காவும் கேட்டா. எங்கிட்ட, ஓட்டறவங்க கதவுல, ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா மத்த ஜன்னல் ஒண்ணும் தொறக்காது. அமுக்கினேன். அவ நல்லதுக்குத்தானே? அப்பறம் அவ கேக்கல. கையை மட்டும் கண்ணாடி மேல வெச்சுக்கிட்டே வந்தா.

சோறு ஊட்டுறப்ப புள்ளை அழுதா ஊட்டறதை நிறுத்திருவோமா? நீங்களே சொல்லுங்க.

எறக்கி விட்டுட்டு வீட்டுக்கு வந்து கால் மணி நேரம் ஆகல, டீச்சரு போன் பண்ணிட்டாங்க. மூச்சிழுப்பு. உதடு நீலம் பூத்துருச்சுன்னு. நாந்தான் காரை எடுத்தேன், சின்னவளும் ஏறிக்கிட்டா. நடுவழியில அவ இருமுனா, ஜன்னலைத் தொறக்கப் பாத்தா, தொறக்கல, பட்டன் அப்படியேதான் இருந்துச்சு. என்னை ஒரு பார்வை பாத்தா. ஆசுபத்திரியில புள்ளைக்கு மூஞ்சியில மூடி மாட்டி, மெசின்ல ஆவி வெச்சாங்க. டாக்டரம்மா கேட்டாங்க, "வீட்ல பொடி, புகை எதுனா புதுசா உண்டா?" இல்லவே இல்லன்னேன். புகை எங்க இருந்துச்சு? பத்த வெக்கவே இல்லியே நானு.

சின்னவ என் கையில இருந்து சாவியை வாங்கிக்கிட்டு வெளிய போனா. நான் பின்னாடியே போறேன். ஆசுபத்திரி வாசல்ல, அத்தனை பேர் பாக்க, காருக்கதவைத் தொறந்து, மண்டி போட்டு, டப்பாவை ரெண்டு பக்கமும் அமுக்கி, கொக்கியைக் கழட்டி, உருவறா. ஒருத்தரும் சொல்லித் தரல. நேரா அங்கதான் கையை வெக்கறா. இதைவிட என்ன சாட்சி வேணும் அம்முணி? எங்க வெச்சோம்னு தெரிஞ்சாத்தானே அங்க கை போகும்?

விபூதியும் மஞ்சளும் அவ மடியில கொட்டுது. கை நெறைய எடுத்து எனக்கு நேரா நீட்டினா.

"என்னக்கா இது?"

"நீ வெச்சதுக்கு நான் வெச்சது"ன்னேன்.

"நான் என்ன வெச்சேன்?"

எல்லாத்தையும் சொன்னேன். சிவப்புத்துணி, நூலு, முடி, எண்ணுக்கட்டம். புள்ளையை எங்கிட்டருந்து பிரிக்கத்தானே வெச்சன்னு கேட்டேன். அவ அழுவான்னு பாத்தேன். சண்டை போடுவான்னு பாத்தேன். கையைத் தட்டி விட்டுட்டு, அதே மெதுவான கொரல்ல சொல்றா: "அக்கா, உங்ககிட்ட இருந்து புள்ளையைப் பிரிக்கணும்னு நான் நெனச்சதே இல்ல. இன்னிக்குத்தான் நெனைக்கறேன்."

கேட்டீங்களா? நெனைக்கறேன்னு வாயாலயே ஒத்துக்கிட்டா.

ஆசுபத்திரியில இருந்து நேரா கரூரு. வெங்கமேட்டுல அவங்கம்மா வீடு. மறுவாரம் கார்மேகமும் துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பண்ணைக்குக் காலையில வந்து சாயங்காலம் போறான், எங்கூடப் பேச்சில்ல. வீட்டுக்காரரு சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொல்றாரு, "ஒரு எலி கடிச்சதுக்கு எந்தம்பியை ஊரைவிட்டு ஓட்டிப் போட்டயே தெய்வானை." விடுன்னு சொல்றவரு இதை மட்டும் விட மாட்டேங்கறாரு. காரு கொட்டாய்ல நிக்குது. மூணு மாசமா நான் சாவியைத் தொடல. தனியா ஓட்டிக்கிட்டு எங்க போறது?

அதான் இன்னிக்குக் கெளம்பிட்டேன். அவரு பண்ணையில முட்டை பொறுக்கிக்கிட்டு இருக்கறப்ப. சாட்சி இந்த டப்பாவுல இருக்கு. நேரா அவங்கம்மா வீட்டு நடுக்கூடத்துல கொண்டு போயி வெப்பேன். கற்பூரம் ஏத்துவேன். நான் வெக்கலன்னு சொல்லி அவ அந்தக் கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பண்ண மாட்டா. பண்ண முடியாதில்ல. அப்பறம் எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும், புள்ளை யாருகிட்ட இருக்கணும்னு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். புள்ளை வந்துட்டாப் போதும். வராட்டிப் போனாலும் போகட்டும், எனக்கு என்ன, ஆனா நெசம் தெரியணும்.

இந்தப் பையா? அது ஒண்ணும் இல்ல. முறுக்கு கொஞ்சம். அவ கிளிப்பு, மஞ்சக் கலரு, சோபாவுக்கு அடியில கெடந்துச்சு. சீட்டுல வெச்சு உக்காருவாளே அந்தத் தலகாணி. வீட்ல இருந்தா பூச்சி அரிச்சுரும்னு எடுத்துக்கிட்டு வந்தேன்.

ஆத்தோரத்து வேலூர் தாண்டிட்டோமா? தாண்டியாச்சு, வாழைத்தாரு வண்டியெல்லாம் நிக்குது பாருங்க. ஆத்துக்கு முன்னாடி காட்டிர்றேன். பூசாரி சொல்லியிருக்காரு, ஆத்தைத் தாண்டறப்ப மட்டும் மூடி இருக்கணும், தொறந்தா ஆத்தோட போயிரும்னு. இந்தாங்க. டப்பா மிருதுவோட பள்ளிக்கூடத்து டப்பாதான், வேற எதுவும் கைக்கு வரல. தொட வேண்டாம், பாருங்க போதும். இது துணி. இது நூலு. முடி எவ்வளவு நீட்டம் பாருங்க.

ஆமா, நரைச்ச முடிதான். சின்னவளுக்கு நரை இல்லதான். அதனால என்ன? என் முடியை எடுத்துத்தானே எனக்கு வெக்கணும்? உங்களுக்கு இந்த விசயமெல்லாம் தெரியாது.

நூலா? என் கையில கட்டியிருக்கறது கொல்லிமலை நூலு. அது வேற. கலரு ஒண்ணுதான். மஞ்சள்னா மஞ்சளாத்தானே இருக்கும்.

எதை எடுக்கறீங்க? அந்தக் காயிதத்தைத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல. மந்திர எந்திரம் அது. பூசாரியே பாத்துட்டு, எழுத்துக் கலைஞ்சிருக்கு, ஆனா கட்டம் கட்டித்தான் எழுதியிருக்குன்னாரு. என்ன? கணக்கு நோட்டுத் தாளா? கொண்டாங்க இங்க. கண்ணாடி எங்க வெச்சேன்...

ஏழு. பதினாலு. இருவத்தொண்ணு. இருவத்தெட்டு. பாதி கடிச்சிருக்கு. நாப்பத்தொம்பது. ஏழுக்கு நடுவுல கோடு.

கோடு போட்டுத்தான் இருக்கு.

அவ ஒளிச்ச தாளு. டப்பாவுக்குள்ளதான் ஒளிச்சிருக்கா. என் கை படற எடத்துலயே ஒளிச்சு வெச்சிருக்கா, கழுதை. தப்பா எழுதியிருப்பா.

பாருங்க, புள்ளை எழுதின தாளைக்கூட விடல சின்னவ. அதையும் எடுத்து உள்ள வெச்சிருக்கா. எவ்வளவு கல்நெஞ்சு இருந்தா... நீங்க என்னத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? கரூர் உங்களுக்குச் சொந்த ஊரா? வெங்கமேடா? உங்களை யாராச்சும் இந்த சீட்டுல உக்காரச் சொல்லி அனுப்பினாங்களா? இல்லன்னா சரி. கேட்டு வெச்சேன்.

பாலம் வந்துருச்சு. என்னா காத்து.

இந்த மூடி எங்க... உங்க காலுக்கு அடியில இருக்கா பாருங்க. இருங்க, எம் மடியிலதான் இருக்கு. மூடணும். மூடத்தான் போறேன்.

போச்சு.

பறக்குது பாருங்க முடியெல்லாம். துணியும் போச்சு. அந்த றெக்கை மட்டும் கம்பியில ஒட்டிக்கிட்டு நிக்குது. அதையும் தட்டி விடுங்க, போகட்டும். நான் மூடத்தான் கையைக் கொண்டு போனேன். நீங்க பாத்தீங்கல்ல? டப்பாவை ஜன்னல்கிட்ட நான் கொண்டு போகல, பஸ்ஸு அப்படிச் சாஞ்சுது. பாலத்துல ஏத்தறப்ப டிரைவரு கண்டபடி திருப்பறான். என்னத்துக்கு என்னையே பாக்கறீங்க, காத்துங்க அது. காத்தை நான் என்ன பண்றது?

சாட்சி போச்சு. இனி நீங்கதான் சாட்சி. யாராச்சும் கேட்டா, இருந்துச்சு, கண்ணால பாத்தேன்னு சொல்லணும். உங்களை எங்க தேடறது? விடுங்க. நான் சொன்னாப் போதாதா?

முந்தானையில தொடைச்சா டப்பா சுத்தமாயிரும். வெறும் டப்பாவைக் கொண்டு போயி எப்படிக் குடுக்கறது? எங்க பக்கத்துல அடுத்தவங்க வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கற வழக்கம் இல்ல. ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் குடுப்போம். இந்த முறுக்கைப் போட்டுர்றேன். சின்னவ மேல பிரியத்துல இல்ல. வழக்கம்.

சத்தியம் வாங்காம விட மாட்டேன், அதுல மாத்தம் இல்ல. கற்பூரம் பையிலதான் இருக்கு. ஆனா கூடத்துல ஏத்த முடியாது. வாசல்ல, தெருவோரமா ஏத்திக்க வேண்டியதுதான். வீட்டுக்குள்ள ஏத்தினா அந்த வாசம் புள்ளைக்கு ஆகாது, உடனே இழுப்பு வந்துரும்.

என்ன?

நான் என்ன சொன்னேன் இப்ப? ஒண்ணும் சொல்லல. நீங்க காதுல மாட்டிக்கறதுன்னா மாட்டிக்கங்க. எறங்கற எடம் வரப் போகுது.

இந்தத் துண்டு மட்டும் கையிலயே இருந்துருச்சு. ஏழேழு நாப்பத்தொம்பது வரைக்கும் சரியா எழுதியிருக்கா. அதுக்கு மேலதான் எப்பவும் தடுக்கும். பாருங்க, ஏழெட்டுக்கு அம்பத்திநாலுன்னு போட்டிருக்கா. இதுக்குத்தான் ஒளிச்சு வெச்சிருக்கா. அங்க யாரு பாத்துத் திருத்தறாங்களோ. அவங்கம்மா பி.காம்தான், ஆனா அடிக்காம சொல்லிக் குடுக்கறவங்க கிட்ட வாய்ப்பாடு வருங்களா?

வரும்னு சொல்றீங்களா. சரி. வரட்டும்.

உங்ககிட்டப் பேனா இருக்குங்களா அம்முணி? ஏழெட்டு அம்பத்தாறுன்னு பக்கத்துல எழுதி, டப்பாவுக்குள்ள முறுக்குக்கு மேல வெச்சுர்றேன். ஏழுக்குக் கோடு போட்டு எழுதினா யாரு எழுதினதுன்னு அவளுக்குத் தெரியும்.